மதுரையில் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் வாழும் மாற்றுத்திறனாளிகள் ஊதியமுள்ள வேலையைப் பெறுவதையும், பெற்ற வேலையில் நிலைத்திருக்கத் தேவையான உதவிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேலைவாய்ப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அரசுப் பணியில் உள்ள இடஒதுக்கீடே. ஆனால் இடஒதுக்கீடு ஒருவரை வேலைக்குள் கொண்டுவருமே தவிர, அவர் அங்கே வேலை செய்ய இயலுமா என்பதை வேறொன்று முடிவு செய்கிறது. வேலையின் கருவி, நேரம், இடம், முறை ஆகியவற்றை வேலை செய்பவருக்கு ஏற்ப மாற்றியமைப்பதே அது. இதனைப் பணியிடத் தகவமைப்பு எனலாம்.

சொற்பயன்பாடு

அரசு ஆவணங்களில் நெடுங்காலம் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லே வழங்கியது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கெனத் தனித் துறை ஒன்றை உருவாக்கியபோது 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் அலுவல் வழக்குக்கு வந்தது. இன்று செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் இச்சொல்லே வழங்குகிறது. குறைபாட்டைச் சொல்லாமல் மறைப்பது, அக்குறைபாட்டினால் எழும் தேவையையும் மறைத்துவிடும் என்று இச்சொல்லை ஏற்காதோரும் உளர்.

எண்ணிக்கை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் 11,79,963 பேரும் மாற்றுத்திறனாளிகள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை சுமார் 16.4 இலட்சமாக இருந்தது. பத்தாண்டுகளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. யாரை மாற்றுத்திறனாளி எனக் கொள்வது என்ற வரையறை இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையே மாறியது இவ்வேறுபாட்டுக்கு ஒரு முதன்மைக் காரணமாகும். எனவே இவ்வெண்களை ஒப்பிடுவோர் கவனத்துடன் இருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். ஆண்களில் இது ஏறத்தாழ 47 விழுக்காடு. பெண்களில் அதன் பாதியளவே.

மருத்துவர் வெங்கடசாமி

பணியிடத் தகவமைப்பு என்றால் என்ன என்பதை விளக்க மதுரையிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோவிந்தப்ப வெங்கடசாமி (1918–2006) பொதுவாக ஏழைகளுக்குக் கண் அறுவை செய்தவராகவே நினைவுகூரப்படுகிறார். அவர் கடுமையான கைக்குறைபாடு உடைய தொழிலாளி என்பது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது.

எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்த வெங்கடசாமி, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் பயின்றார். 1944இல் பட்டம் பெற்றபின் படை மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. விரல்கள் நிரந்தரமாகக் கோணலாயின. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பேனாவைக்கூடப் பிடிக்க இயலவில்லை. 1948இல் உடல்நலக் குறைவினால் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

மகப்பேறு மருத்துவத்துக்கு இனி வாய்ப்பில்லை என்றான பின்னர் அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்து 1951இல் பட்டயம் பெற்றார். அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம் விரல்களைப் பழக்கினார். அவருடைய கைக்கு ஏற்றவாறு கருவிகள் வடிவமைக்கப்பட்டன. கண்புரை அறுவை என்பது மிகச் சிறிய பரப்பில், மிக நுண்ணிய அசைவுகளால் செய்யப்படுவது. கைவலிமை அதிகம் தேவைப்படும் வேலை அவருக்குக் கூடாததாயிருக்க, நுண்மை தேவைப்படும் வேலை கூடுவதாயிற்று. 1956 முதல் 1976 வரை மதுரை மருத்துவக் கல்லூரியிலும், இன்று இராசாசி மருத்துவமனை எனப்படும் அன்றைய எர்சுகின் மருத்துவமனையிலும் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்தார். 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அவரே செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இதனை மன உறுதியின் கதையாக மட்டும் சொல்வது பாதி உண்மையே. மூன்று மாற்றங்கள் இங்கே ஒன்றுசேர்ந்தன: பணியின் பிரிவு மாறியது, கருவி மாறியது, பயிற்சிக்குக் காலம் கிடைத்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மன உறுதியால் மட்டும் அறுவை நடந்திராது. வெங்கடசாமி மருத்துவப் பட்டம் பெற்றவர். குடும்பத்தின் துணையும் அவருக்கு இருந்தது. அதே நோயால் விரல் கோணிய ஒரு நெசவாளருக்கோ தையற்காரருக்கோ கருவியை மாற்றித் தர யார் இருந்தனர் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. வெங்கடசாமி 1966இலேயே பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கியதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். அறுவையால் பார்வை திரும்பாதவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு முன் இருந்தது.

மறைந்துபோன தொழில்கள்

இருபதாம் நூற்றாண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு 'உரியவை' எனச் சில தொழில்கள் வகுக்கப்பட்டிருந்தன. பார்வையற்றோருக்குப் பிரம்பு நாற்காலி பின்னுதல், மெழுகுவர்த்தி செய்தல், தொலைபேசி இணைப்பாளர் வேலை. கால் குறைபாடு உடையோருக்குத் தையல், கைக்கடிகாரம் பழுதுபார்த்தல். இவற்றுள் எதுவும் கிட்டாதோருக்குப் பரிசுச்சீட்டு விற்பனை.

இவற்றுள் பல இன்று இல்லை. அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளின் இடத்தை நெகிழி நாற்காலிகள் பிடித்தன. தொலைபேசி இணைப்பகங்கள் தானியங்கிகளாயின. பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் பரிசுச்சீட்டு விற்றோரில் மாற்றுத்திறனாளிகள் கணிசமானோர். 2003 சனவரியில் தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை விதித்தது. சீட்டு வாங்கிக் கடனாளியான குடும்பங்களை நோக்க அத்தடை நியாயமானதே. ஆனால் விற்றவர்களுக்கு ஒரே நாளில் தொழில் போயிற்று.

பொதுத் தொலைபேசிச் சாவடிகளின் வரலாறு இன்னும் கவனிக்கத்தக்கது. 1990களில் ஊருக்கு ஊர் மஞ்சள் நிறப் பலகையுடன் எசு.டி.டி. சாவடிகள் தோன்றியபோது, அவற்றை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அமர்ந்த இடத்தில் செய்யும் தொழில். வாடிக்கையாளர் தேடி வருவார். கட்டணத்தை எந்திரமே கணக்கிடும். கால் குறைபாடு உடைய ஒருவருக்குத் தகவமைப்பு தேவைப்படாத அளவுக்கு இது பொருந்தியது. பத்தாண்டுகளுக்குள் கைபேசி பரவி இச்சாவடிகளை வெறுமையாக்கியது. ஒரு குறைபாட்டுக்கு ஒரு தொழில் என்று முடிச்சுப் போட்டு வைத்தால், தொழில்நுட்பம் மாறும்போது அத்தொழிலோடு சேர்ந்து ஒரு கூட்டமே வேலையிழக்கும் என்பதை இச்சாவடிகள் காட்டுகின்றன. இன்று ஆவின் பாலகங்களை ஒதுக்குவதிலும் ஏறக்குறைய இதே அணுகுமுறையே உள்ளது.

சட்டங்கள்

இந்தியாவில் இதற்கான முதல் முழுமையான சட்டம் 1995இல் இயற்றப்பட்டு 1996 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 விழுக்காடு. மனநோயும் அறிவுத்திறன் குறைபாடும் அச்சட்டத்தின் வரையறைக்குள் இருந்தபோதிலும் ஒதுக்கீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

இதனை நீக்கி இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் 21 வகைக் குறைபாடுகள் ஏற்கப்பட்டுள்ளன. ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்தது. நான்காவது விழுக்காட்டில் புறவுலகச் சிந்தனைக் குறைபாடு (ஆட்டிசம்), அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பன்முகக் குறைபாடு ஆகியவை அடங்கும். தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், உயரக் குறைபாடு உடையோர், அமில வீச்சுக்கு ஆளானோர் முதலியோர் இயக்கக் குறைபாட்டுப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஒதுக்கீட்டைப் பெற குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நடுவண் அரசுப் பணிகளில் இவ்வொதுக்கீடு 100 புள்ளிகள் கொண்ட சுழற்சிப் பட்டியலின்படி நடைபெறுகிறது. 1–25, 26–50, 51–75, 76–100 எனப் பட்டியல் நான்காகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இடம் ஒதுக்கப்படும். தகுதியானவர் கிடைக்காவிடில் அவ்விடம் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். அப்போதும் கிடைக்காவிடில் வேறு வகைக் குறைபாடு உடையவருக்கு அளிக்கலாம். ஒதுக்கீட்டு விழுக்காட்டை எவ்வெண்ணிலிருந்து கணக்கிடுவது என்பதில் நெடுநாள் வழக்கு நிலவியது. அரசு தேர்ந்தெடுத்த பணிகளில் உள்ள இடங்களை மட்டும் கணக்கில் கொள்ளக் கூடாது, பணிப்பிரிவின் மொத்தக் காலியிடங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

'தேர்ந்தெடுத்த பணி' என்பதில்தான் சிக்கல் உள்ளது. எந்தப் பணி எந்தக் குறைபாட்டுக்குப் பொருந்தும் என அரசு பட்டியல் வெளியிடுகிறது. 'இப்பணி பார்வையற்றவருக்குப் பொருந்துமா?' என்பது பட்டியலின் கேள்வி. 'எதை மாற்றினால் பொருந்தும்?' என்பது தகவமைப்பின் கேள்வி. முதற்கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால் பேச்சு முடிந்தது. இரண்டாவது கேள்வி எழவே எழாது. 1951இல் முடக்குவாதக்காரர் அறுவை செய்யலாமா என்று பட்டியல் ஒன்று கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது கேள்விக்கும் இடமளிக்கிறது. நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத, தேவையான மாற்றங்களைச் செய்து தர மறுப்பது பாகுபாடு என்று அது வரையறுக்கிறது. பணிக்காலத்தில் குறைபாட்டுக்கு உள்ளானவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது. அவ்வேலை இயலாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். இப்பாதுகாப்பு 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. பணியில் காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்சநீதிமன்றம் இதனை உறுதி செய்தது. எழுதுவதில் இடர்ப்பாடு உடைய விகாசு குமார் குடிமைப் பணித் தேர்வில் உதவி எழுத்தர் கோரிய வழக்கின் தீர்ப்பு 2021 பெப்ரவரியில் வந்தது. 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு உடையவருக்கும் தகவமைப்பு மறுக்கப்படலாகாது என்பது அதன் சாரம். இடஒதுக்கீட்டுக்கு உள்ள எல்லை உதவிக்கு இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லை. பணியாளரில் 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில் அரசு ஊக்கம் அளிக்க வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனம் தான் அளிக்கும் வசதிகளையும் அதில் விவரிக்க வேண்டும்.

கணினியும் எழுத்துருவும்

பார்வையற்றோருக்கு அலுவலக வேலையின் வாயில்களைத் திறந்தது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். திரையில் உள்ள எழுத்தை இது குரலாக்கிச் சொல்லும். தொடக்கத்தில் கிடைத்தவை விலை மிகுந்தவை. ஆத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலர் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் கட்டற்றது, இலவசமாகவே கிடைப்பது. தமிழ்க் குரலும் இதில் உண்டு.

ஆனால் தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு தனிச் சிக்கல் எழுந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல், கணினிக்குள் சே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படுகிறது. கண்ணால் காண்பவருக்கு அது தமிழ். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை. குறியீட்டை மட்டுமே அறியும். ஆகவே பார்வையற்ற எழுத்தருக்கு ஓர் அரசாணை முழுதும் பொருளற்ற ஆங்கில ஒலிகளாகக் கேட்கும்.

2010 சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே உள்ளன. அச்சிட்டுக் கையொப்பமிட்ட தாளை ஒளிவருடிப் படமாகப் பதிவேற்றும் வழக்கமும் நீடிக்கிறது. படத்தில் எழுத்து இல்லை, புள்ளிகளே உள்ளன. எழுத்துணரி கொண்டு மாற்றினாலன்றித் திரைவாசிப்பான் அதில் எதையும் காணாது. கணினித் துறையினர் எளிதில் செய்யக்கூடிய பணியிட உதவி ஏதேனும் உண்டெனில், கோப்பை ஒருங்குறியில் சேமிப்பதே அது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

செவிக் குறைபாடு உடையோரின் நிலை வேறு. அவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் போதும் என்று கருதுவது பிழை. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியே ஆகும். ஆலையில் அபாயச் சங்குடன் ஒளிரும் விளக்கையும் பொருத்துதல், கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல் ஆகியவை இவர்களுக்கான தகவமைப்புகள்.

மதுரையிலும் அண்மையிலும் உள்ள அமைப்புகள்

இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985இல் மதுரையில் எசு. எம். ஏ. சின்னா என்பவரால் நிறுவப்பட்டது. அவரும் பார்வையற்றவர். சுந்தரராசன்பட்டியில் இயங்கும் இவ்வமைப்பு பள்ளிக் கல்வியுடன் தொழிற்பயிற்சியும் அளிக்கிறது. மதுரையைச் சேர்ந்த பார்வையற்ற மாணவி பூரண சுந்தரி, பாத்திமா கல்லூரியில் பயின்று, 2020 ஆகத்தில் முடிவு வெளியான இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்றார். பாடங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டும் ஒலிப்பதிவாகக் கேட்டும் அவர் பயின்றார். இவ்வெற்றியை அவருடைய உழைப்பாக மட்டுமன்றி, வாசித்துத் தந்தோரின் உழைப்பாகவும் கொள்ள வேண்டும்.

மனநலக் குறைபாடு உடையோருக்காக எம். எசு. செல்லமுத்து அறக்கட்டளையை மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் மதுரையில் தொடங்கினார். 2001 ஆகத்து 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். குணமடைந்தாலும் திரும்பிச் செல்ல வேலையோ வருவாயோ இல்லாதவர்களைக் குடும்பங்கள் இத்தகைய இல்லங்களில் விட்டுவிடுகின்றன. மனநோயாளர் மறுவாழ்வில் வேலைப் பயிற்சி ஏன் மருந்துக்கு இணையாக வைக்கப்படுகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்தும். இவர்களுக்குச் சாய்தளமோ சிறப்புக் கருவியோ தேவையில்லை. மாத்திரையினால் வரும் காலை மயக்கத்துக்காக வேலை தொடங்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தல், மருத்துவரைக் காண விடுப்பளித்தல் முதலியனவே தேவை. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு என்பதால் இவற்றைக் கேட்கவே பலர் தயங்குகின்றனர்.

மதுரைக்குத் தென்மேற்கே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் ஊரகப் பகுதிக்கான முன்மாதிரியாகும். பொறியியல் மாணவராயிருந்த எசு. இராமகிருட்டிணன் 1975 சனவரியில் கடற்படை அலுவலர் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது.

ஊரக வேலையும் பயணமும்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டங்களில் கல்வி குறைந்த மாற்றுத்திறனாளிக்கு அரசுப் பணி ஒதுக்கீட்டால் பயனில்லை. அவருக்கு எட்டியது ஊரக வேலை உறுதித் திட்டம் எனப்படும் நூறு நாள் வேலை. 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசாணை ஒன்றின்படி, இத்திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் உழைத்தால் முழு நாள் ஊதியம் பெற்றனர். மண் வெட்டுவதற்கு மாறாகக் குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் முதலிய வேலைகள் தரப்பட்டன. நேரத்தையும் பணியையும் ஆளுக்கேற்ப மாற்றியமைத்த இது, எழுதப் படிக்கத் தெரியாதோரையும் சென்றடைந்த தகவமைப்பு என்ற வகையில் குறிப்பிடத்தக்கது. அரசாணை இருந்தும் சில ஊர்களில் வேலை மறுக்கப்பட்டதனால் மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராட வேண்டியதாயிற்று.

வேலை கிடைத்தபின் அங்கே போய்ச் சேருவது தனிச் சிக்கல். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கட்டணம் நீங்கினாலும் படிக்கட்டு நீங்கவில்லை. உயர்ந்த தளமுடைய பேருந்தில் சக்கர நாற்காலியுடன் ஏறுவது இயலாது. இதனால் அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய சுகூட்டர், பயண வசதி என்பதைத் தாண்டி வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாகவே ஆகிவிடுகிறது. வண்டி உள்ளவர் இருபது கிலோமீட்டருக்குள் எந்த வேலைக்கும் செல்லலாம். இல்லாதவர் தம் தெருவில் கிடைக்கும் வேலையையே செய்ய வேண்டும்.

கட்டடங்களிலும் பொதுச் சேவைகளிலும் அணுகல் தரங்களைப் பரிந்துரையாக மட்டும் வைத்திருந்த நடுவண் அரசின் விதி, 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று இராசீவ் ரத்தூரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் அது ஆணையிட்டது.